மறியலில் (சிறையில்) இருப்பவருக்கு என்ன உரிமை, தண்டனை எதற்காக?

கேள்வி: விசுவமடு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் அண்மையில் நடந்த கூட்டமொன்றில், கசிப்பு எனும் கள்ளச்சாராய வழக்கிலும் களவு வழக்கிலும் திரும்பத் திரும்பப் பிடிபடும் இளைஞர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. பேசியவர்களிற் பெரும்பாலோர், "உள்ளே போட்டால் மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கிறது, வெளியே வந்ததும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள், இவர்களுக்கு என்ன உரிமை வேண்டிக் கிடக்கிறது" என்று கேட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மகன் நெடுங்காலம் தடுத்து வைக்கப்பட்டிருந்த தாயொருவரும் அங்கே இருந்தார். அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் தகப்பனார், அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய வழக்கில் தண்டப்பணம் கட்ட வழியின்றி மறியலுக்குப் போய்விட்டார். பிள்ளை இப்போது பாடசாலைக்கு வராமல் மரக்கறிக் கடையொன்றில் உருளைக்கிழங்கு மூட்டை அவிழ்த்துக்கொண்டு நிற்கிறான். தகப்பனுக்குக் கொடுத்த தண்டனை இவனுக்கு ஏன் வந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. சிறைக்குப் போனவரிடம் எந்தெந்த உரிமைகள் மிஞ்சுகின்றன, தண்டனை எதை நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்பதைச் சட்டம் தெரிந்தவர்களும் பட்டறிந்தவர்களும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: வவுனியா சட்டத்தரணி

ஆசிரியை அவர்களுக்கு, உங்கள் மண்டபத்தில் பேசியவர்கள் "உள்ளே இருப்பவர்கள்" என்று ஒரே கூட்டமாகச் சொன்னவர்களுக்குள் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டுத் தண்டனை பெற்றவர். மற்றவர் விளக்கமறியலில் வழக்கு முடியக் காத்திருப்பவர். எமது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையின்றி எவருக்கும் சிறைத்தண்டனை விதிக்க முடியாது என்றும், விசாரணையோ வழக்கோ முடியும்வரை ஒருவரைத் தடுத்து வைப்பது தண்டனை ஆகாது என்றும் சொல்கிறது. குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை அவர் சுற்றவாளி. ஆனால் விளக்கமறியலில் இருப்பவர் படுக்கும் தரையும், நெரிசலும், மலசலகூடத்துக்கு நிற்கும் வரிசையும் தண்டனை பெற்றவருடையதைவிட எந்த வகையிலும் மேலானவை அல்ல. ஒருவகையில் அவர் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் தண்டனை பெற்றவருக்கு வெளியே வரும் நாள் தெரியும்.

தண்டனை பெற்றவர் இழப்பது தம் நடமாட்டச் சுதந்திரத்தையே. நீதவானோ மேல் நீதிமன்ற நீதிபதியோ தீர்ப்பில் "இத்தனை ஆண்டு" என்றுதான் எழுதுகிறார். அடி, பட்டினி, மருந்தில்லாமை, உறவினரைக் காண முடியாமை ஆகியவற்றை எந்த நீதிபதியும் விதிப்பதில்லை. ஆகவே அவற்றைச் சேர்ப்பவர் எவராயினும் நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தாமே எடுத்துக்கொள்கிறார். 11ஆம் உறுப்புரை சித்திரவதையையும் இழிவான நடத்தையையும் எவருக்கும் எதிராகத் தடை செய்கிறது, அதற்கு விதிவிலக்கே இல்லை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி சித்திரவதை செய்பவருக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை உண்டு. ஐக்கிய நாடுகள் 1955இல் வகுத்து 2015இல் திருத்திய, நெல்சன் மண்டேலா விதிகள் எனப்படும் கைதிகள் பராமரிப்பு விதிகளும் இதையே சொல்கின்றன: சுதந்திரத்தை இழப்பதே துன்பம், சிறை நிர்வாகம் அதற்கு மேல் துன்பம் கூட்டக்கூடாது.

நோக்கத்தைப் பொறுத்தவரை, இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 10ஆம் உறுப்புரை, சிறை முறைமையின் முதன்மை நோக்கம் கைதி திருந்திச் சமூகத்தோடு மீண்டும் இணைவதே என்கிறது. நாம் இதை ஏற்றவர்கள். ஆனால் நடைமுறையில் நமக்கு உள்ளதோ 1877ஆம் ஆண்டுச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம்.

பதில்: முள்ளியவளை வாசகர்

மதிப்புக்குரிய சட்டத்தரணி ஐயா, நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் என் தமையனை எல்லைவேலித் தகராறில் வெட்டிக் கொன்றார்கள். வெட்டியவர் எனச் சொல்லப்படுபவர் விளக்கமறியலில் இருக்கிறார். அவருடைய உணவைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். என் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நடந்தது என்று கேட்க ஒருவரும் வந்ததில்லை. ஒவ்வொரு தவணைக்கும் வேலையை விட்டுவிட்டுப் போகிறோம். சாட்சி வரவில்லை, பகுப்பாய்வு அறிக்கை வரவில்லை என்று அடுத்த தவணை போடுகிறார்கள். செய்தவர் திருந்தினாரா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். செய்தது பிழை என்று இந்த நாடு உரத்துச் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் சீர்திருத்தம் என்று மட்டும் பேசினால் செத்தவனுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்றாகிவிடும்.

பதில்: ஒட்டுசுட்டான் சகோதரி

முள்ளியவளை அண்ணாவின் துயரம் எனக்கு விளங்குகிறது. என் தம்பி கொழும்பிலுள்ள சிறையொன்றில், வழக்குத் தொடரப்படாமலும் பின்னர் வழக்கு முடியாமலும் பல ஆண்டுகள் இருந்தான். அம்மா இரவு பஸ் ஏறி விடியக் கொழும்பில் இறங்கி வரிசையில் நிற்பார். கட்டிக்கொண்டு போன இடியப்பப் பொதியை வாசலில் பிரித்து, சம்பலைக் கரண்டியால் கிண்டிப் பார்த்து, சவர்க்காரத்தை இரண்டாக வெட்டிப் பார்ப்பார்கள். சோதனை வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதன்பின் இரண்டு கம்பிவலைகளுக்கு அந்தப் பக்கத்தில் தம்பியும் இந்தப் பக்கத்தில் அம்மாவும், இருபுறமும் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமிட்டுப் பேச, காது சரியாகக் கேளாத அம்மா அவன் வாயசைவைப் பார்த்துக்கொண்டே நேரம் முடிந்து திரும்புவார். கைதியை இயன்றவரை வீட்டுக்கு அண்மையில் வைக்க வேண்டும் என்று ஐயா குறிப்பிட்ட அந்த விதிகளிலேயே இருப்பதாகப் பின்னர் அறிந்தேன்.

அவனுக்கு எதிரான முக்கிய சான்று அவனுடைய ஒப்புதல் வாக்குமூலமே. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஏற்கிறது. வற்புறுத்திப் பெற்றது என்றால் அதைக் கைதிதான் நிரூபிக்க வேண்டும். நம்மவருக்குச் சிறை என்றால் 1983 யூலையில் வெலிக்கடையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளின் நினைவும், 2012இல் வவுனியாச் சிறையிலிருந்து மாற்றப்பட்ட பின் உயிரிழந்த இருவரின் நினைவும் சேர்ந்தே வருகின்றன. 2009இல் போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் நீதிமன்றத் தீர்ப்பு எதுவுமின்றிப் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டார்கள். தச்சுவேலையும் தையலும் படித்து வந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். வந்த பின்னரும் வீட்டுக்கு விசாரிக்க ஆள் வருவது நிற்கவில்லை, அதனால் வேலை கொடுக்கவும் பெண் கொடுக்கவும் பிறர் தயங்கினார்கள். இதன் முடிவு நாள் எது என்று எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

பதில்: வவுனியா சட்டத்தரணி

முள்ளியவளைச் சகோதரரே, குற்றம் குற்றமே என்று நாடு சொல்ல வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதைச் சொல்லும் இடம் தீர்ப்பு. பல ஆண்டுகளாக உங்களுக்குக் கிடைக்காமல் இருப்பதும் அதுவே. விளக்கமறியலில் உள்ளவர் படும் துன்பம் உங்கள் தமையனுக்கான நீதியாக ஒருபோதும் கணக்கிடப்படாது. நாளை அவர் விடுதலையானால் அத்தனையும் வீண், குற்றவாளியென்று காணப்பட்டாலோ உங்கள் அண்ணியின் பிள்ளைகள் அத்தனை காலம் வீணாகக் காத்திருந்தார்கள் என்றாகும். ஒரே தாமதந்தான் ஒட்டுசுட்டான் சகோதரியின் தம்பியையும் உங்கள் அண்ணியையும் வாட்டியிருக்கிறது. கைதிகளின் உரிமைக்காகப் பேசுபவர்கள் விரைவான விசாரணையை முதலில் கேட்பதற்குக் காரணம் இதுதான், அந்தக் கோரிக்கையில் நீங்களும் சேர இடமுண்டு. பாதிக்கப்பட்டோருக்கான உதவி, பாதுகாப்புச் சட்டம் 2015இல் வந்தது, 2023இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அதன் கீழ் உங்கள் அண்ணி இழப்பீடு கோரலாம். தவணை நாளில் அரச சட்டவாதியிடம் இதை நேரே கேளுங்கள்.

ஆசிரியை அவர்களே, உங்கள் மாணவனின் தகப்பனாரைப் போல, தண்டப்பணம் கட்ட இயலாததால் மட்டும் உள்ளே போகிறவர்கள் நம் சிறைகளில் மிகப் பலர். பணமுள்ளவர் அதே குற்றத்துக்கு அன்று மாலையே வீடு திரும்புகிறார் என்பதால், இங்கே தண்டிக்கப்படுவது வறுமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். தண்டப்பணத்துக்குப் பதிலான மறியல், பணம் கட்டப்பட்டவுடன் முடிந்துவிடும். உள்ளே கழிந்த நாட்களுக்குரிய பங்கைக் கழித்து மிகுதியைக் கட்டினால் போதும். மிகுதி எவ்வளவு என்பதைச் சிறைச்சாலை அலுவலகத்தில் கேட்டறியலாம். உங்கள் ஊர்ச் சங்கமோ ஆலய பரிபாலன சபையோ அந்தத் தொகையைச் சேர்த்துக் கொடுக்க முன்வந்தால் அவர் அன்றே வெளியே வரலாம். இனி இவ்வாறான வழக்கு வரும்போது, தவணை முறையில் கட்ட அவகாசம் தரும்படியும், 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சிறைக்குப் பதிலாக ஊருக்குள்ளேயே பொதுவேலை செய்ய விடும் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை இடும்படியும் தீர்ப்பு நாளிலேயே நீதவானிடம் விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம்.

இன்னொன்றையும், உங்கள் கூட்டத்தில் வாய் திறக்காதிருந்த அந்தத் தாயிடம் சொல்லுங்கள். தடுப்பில் அடித்தார்கள் என்றால், உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவைக் கொண்டுபோகச் சட்டம் தரும் காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை அங்கே நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. முறைப்பாட்டைக் கையால் எழுதிக் கொடுத்தாலும் ஏற்பார்கள். பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.