சாவியை எடுத்தாலே நடுங்குகிறான் - தனியாக விட்ட நாய் பற்றி உங்கள் அனுபவம்?

காட்பாடிக்காரி:

என் நாய் மணியை அடித்துவிட்டேன். எட்டு நாள் ஆகிறது, மனசு இன்னும் ஆறவில்லை.

2020 ஊரடங்கில் பாலாற்றுப் பாலத்தடியில் கிடைத்த நாட்டு நாய். அன்றிலிருந்து எனக்கு வீட்டிலேயே வேலை, அவனுக்கு என் நாற்காலிக்கு அடியில் வேலை. இப்போது வாரம் மூன்று நாள் சென்னை ஆபீசுக்கு வா என்கிறார்கள். விடிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் போனால் திரும்ப ராத்திரி ஆகிவிடும். முதல் நாள், மதியம் வந்து வெளியே விடுகிறேன் என்று சொன்ன பக்கத்து வீட்டுப் பையன், கதவுக்குப் பின்னால் கேட்ட சத்தத்தில் பயந்து ஓடிவிட்டானாம்.

ராத்திரி கதவைத் திறந்தால் மிதியடி நார்நாராகக் கிடக்கிறது. கதவின் அடிப்பக்கம் பிளைவுட் உரிந்து தொங்குகிறது. பக்கத்துச் சுவரில் நான்கு நான்கு கோடாக ரத்தம். நகம் பெயர்ந்திருக்கிறது. காலையில் வைத்த தயிர்சாதம் தட்டில் காய்ந்துபோய், ஓரத்தில் எறும்பு வரிசை. எனக்கு இருந்த களைப்பில் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். கத்தவில்லை. நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டான். அப்புறம் மெதுவாகத் தட்டுக்குப் போய், என்னைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சோற்றை எறும்போடு சேர்த்துத் தின்றான். பகல் முழுக்கத் தொடாத சோறு.

இப்போது சாவியைக் கையில் எடுத்தாலே நடுங்குகிறான். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஆம்பூர் ஷூ:

எங்கள் டைகர் கதவைத் தொடமாட்டான். செருப்புதான். நான் ஷூ கம்பெனியில் இருப்பதால் வீட்டில் ஜோடிக்குப் பஞ்சமில்லை. அம்மா, "தோல் வாசனைக்குத்தான்டா கடிக்குது" என்றார். சரி என்று நானும் நம்பினேன். ஒருநாள் பாதி ஷிப்டில் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அலமாரி திறந்தே கிடந்தது. புது ஜோடி ஆறு இருந்தது, ஒன்றையும் தொடவில்லை. முந்தின நாள் நான் போட்டுக் கழற்றிய பழைய செருப்பில் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்து, அதற்குள் மூக்கை விட்டுக்கொண்டு படுத்திருந்தான். எச்சில் ஒழுகி தரையே ஈரம். தூங்கவில்லை, கண் திறந்திருந்தது. நான் ஜன்னலைத் தட்டவில்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

சத்துவாச்சாரி ரிட்டயர்டு:

எல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுப்பது. எங்கள் காலத்தில் நாய் வாசலில் கிடக்கும், தெருவில் நூறு பேர் போவார் வருவார், அதற்குத் தனிமை என்றால் என்ன என்றே தெரியாது. இப்போது அடைத்த வீடு, ஏசி, ஒரே ஒரு ஆள். அந்த ஆளும் ரயிலேறிப் போனால் அது என்ன செய்யும்? மேலே எழுதின அம்மாவுக்கு ஒன்று சொல்கிறேன். விடியலில் இருந்து ராத்திரி வரை எந்த நாயும் தாங்காது. மூத்திரத்தை எவ்வளவு நேரம் அடக்கும்? இதற்கு வியாதி என்று பெயர் வைக்க வேண்டாம். வாசலில் கட்டிப் போடுங்கள், சரியாகிவிடும்.

பாகாயம் நைட் டியூட்டி:

சார் சொன்னதில் மூத்திர விஷயம் சரி, கட்டிப் போடுவது தப்பு. முதலில் என் கதை, சின்னதுதான். நான் நர்ஸ். டியூட்டிக்குப் போனதும் எங்கள் ஜூலி ராத்திரியெல்லாம் ஊளை விடும். வீட்டு ஓனர் அம்மாவின் கணவர் அப்போது படுத்த படுக்கை. "நாய் ஊளை விட்டா எமன் வர்றான்னு அர்த்தம்மா, ஒரு மாசத்துல காலி பண்ணிடு" என்று வாசலில் நின்று அழுதார். கோபித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுதவரிடம் என்ன பேசுவது? காலி செய்தேன்.

அக்கா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பழைய போன் ஒன்றை ஜன்னலில் சாய்த்து வீடியோ ஓடவிட்டுக் கிளம்புங்கள். இந்தப் பயம் இருக்கும் நாய் பெரும்பாலும் நீங்கள் போன முதல் அரை மணிக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்து தலையணையைக் கிழித்தால் அது போரடித்த நாய், அதற்கு வைத்தியம் வேறு. தொடாத தயிர்சாதம் எதைக் காட்டுகிறது தெரியுமா? பயம் உச்சத்தில் இருந்தால் நாய்க்குச் சோறு இறங்காது. அதனால்தான் எலும்பு போட்டுவிட்டுப் போனால் போதும் என்கிற யோசனை இவர்களிடம் பலிப்பதில்லை.

சாவி, செருப்பு, டிபன் பை, இந்த மூன்றையும் பார்த்ததும் அவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆகவே சாவியை எடுங்கள், எங்கும் போகாமல் உட்கார்ந்து காய் நறுக்குங்கள். தினம் பத்துத் தடவை. சாவிக்கு அர்த்தம் இல்லாமல் போகட்டும். அப்புறம் கதவுக்கு வெளியே ஐந்து வினாடி, பத்து வினாடி. அவன் பதறும் முன்னால் உள்ளே வந்துவிட வேண்டும். பழக்கும் நாட்களில் நடுவில் ஒரு முழுப் பகல் தனியாக விட்டால் மறுபடி ஒன்றிலிருந்துதான். திரும்பி வந்து அடிப்பதால் பிரயோஜனம் இல்லை. எப்போதோ கிழித்த கதவையும் இப்போது விழும் அடியையும் அவன் சேர்த்துப் பார்க்கமாட்டான், நீங்கள் வருவதற்கும் சேர்த்துப் பயப்படுவான். கூண்டில் பூட்டினால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு.

கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஃப்ளூக்ஸெடின், க்ளோமிப்ரமின் என்று இரண்டு மருந்து, அமெரிக்காவில் நாய்களின் இந்தப் பிரச்சினைக்கென்றே அனுமதி உள்ளவை. வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், பழக்குவதும் கூடவே நடக்க வேண்டும். தயவுசெய்து மாமியாரின் தூக்க மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். போட்டவர்களை எனக்குத் தெரியும்.

குடியாத்தம் தறி:

இவ்வளவு எழுதினவர் இதை விட்டுவிட்டார். துணைக்கு இன்னொரு நாய் வாங்கு என்று சொல்வார்கள், வாங்காதீர்கள். நாங்கள் வாங்கினோம். முன்பு ஒன்று ஊளை விட்டது, இப்போது இரண்டு. புதுசு எங்களுக்காக அழவில்லை, பழசைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தறிச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்பதில்லை, தெருதான் பாவம்.

சத்துவாச்சாரி ரிட்டயர்டு:

நர்ஸம்மா கட்டிப் போடுவது தப்பு என்றீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 1994-ல் ஒரு ராஜபாளையம் வைத்திருந்தேன். ரத்தினகிரிக்குக் குடும்பத்தோடு போகும்போது கம்பிக் கதவில் சங்கிலி போட்டேன். திரும்பி வந்தபோது அது கதவைத் தாண்டிக் குதித்து, சங்கிலி நீளம் போதாமல், பின்னங்கால் நுனி மட்டும் தரையில் பட நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ. பிழைத்தது. ஆனால் அதற்கப்புறம் சங்கிலி சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். தெருவில் ஆள் இருந்தார்கள்தான். ஒருத்தரும் வந்து அவிழ்க்கவில்லை.

காட்பாடிக்காரி:

சார், எழுதினதற்கு நன்றி. நானும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

போனை வைத்துப் பார்த்தேன். நான் கதவைச் சாத்திய நாலாவது நிமிஷம் முனக ஆரம்பிக்கிறான். ஜங்ஷன் பக்கம் ரயில் ஹாரன் கேட்டால் நிறுத்திவிட்டுக் காதைத் தூக்குகிறான். பிறகு கதவு. பதினொன்றாவது நிமிஷத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆபீசில் கெஞ்சி ஒரு மாதத்துக்கு வாரம் ஒரு நாளாகக் குறைத்திருக்கிறேன். தினமும் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முருங்கைக்காய் நறுக்குகிறேன். முதல் மூன்று நாள் கூடவே வந்து நடுங்கினான், இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை. அப்புறம் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வினாடி எண்ணுகிறேன். எதிர் வீட்டு ஆயா நேற்று, "இன்னாம்மா, உன் வூட்டு வாசல்லயே நின்னு எண்ணிகினு கீற, இன்னா வேண்டுதலா?" என்று கேட்டார்.

அந்த ஆயாதான் இப்போது வழி. நாளெல்லாம் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார். ரயில் நாளில் மணியை அங்கே விட்டேன். ஊளை இல்லை, மதியம் அவர் கையிலிருந்து சோறும் தின்றிருக்கிறான். வீட்டில் தனியாக இன்று வரை 2 நிமிஷம் 10 வினாடிதான் தாங்குகிறான்.

பாகாயம் நைட் டியூட்டி:

அக்கா, நல்லதுதான், ஆனால் புகையிலைத் தூள் ஜாக்கிரதை. நாய் தின்றால் நிகோடின் விஷம். முறம் அவனுக்கு எட்டக் கூடாது.

காட்பாடிக்காரி:

ஓடிப்போய் ஆயாவிடம் சொன்னேன். முறத்தை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டு, "அது கிட்டயே வராது. தூள் பறந்தா எழுந்து அந்தாண்ட போயிடும். நாப்பது வருசமா தும்முறது நானு, என்னை எவன் கேட்டான்?" என்றார்.