செஸ்டர்ஃபீல்டு தேவாலயக் கூம்பு ஏன் முறுக்கிக்கொண்டு நிற்கிறது?

ரயில்சன்னல்:
வணக்கம். நான் ஷெஃபீல்டில் இருக்கிறேன். வேலைக்காக மாதம் இரண்டு முறையாவது லண்டன் ரயில் பிடிப்பேன். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் செஸ்டர்ஃபீல்டு வந்துவிடும். வலது பக்கச் சன்னலில் ஊரின் கூரைகளுக்கு மேலே அந்தத் தேவாலயத்தின் கூம்பு தெரியும். ஈரத்துணியைப் பிழிந்து அப்படியே நட்டு வைத்தது போல இருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருக்கிறது.

வேண்டுமென்றே இப்படிக் கட்டினார்களா, பிறகு ஆனதா? அலுவலகத்தில் ஒருவர் சாத்தான் கதை சொன்னார். இன்னொருவர் பச்சை மரம் என்றார். ஏழு வயது மகள் கூட வரும்போதெல்லாம் "விழுந்துடுமா அம்மா?" என்று கேட்கிறாள். அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

ஊர்சுற்றி:
பச்சை மரம்தான் காரணம். கூம்பு ஏறியது 1362 வாக்கில். அதற்குச் சில வருடம் முன்புதான், 1348-49-இல், கொள்ளைநோய் இங்கிலாந்தைச் சூறையாடியது. தேர்ந்த தச்சர்கள் பலர் இறந்துபோயிருப்பார்கள். இருந்தவர்கள் காயாத மரத்தை வைத்துக் கட்டிவிட்டார்கள்.

கதைகள் நிறைய உண்டு. பக்கத்து ஊரான போல்சோவரில் ஒரு கொல்லர் சாத்தானுக்கு லாடம் அடிக்கும்போது ஆணியைச் சதையில் இறக்கிவிட்டாராம். வலி தாங்காமல் பறந்த சாத்தான் போகிற போக்கில் கூம்பை உதைத்துவிட்டானாம். மகளுக்கு இது பிடிக்கும்.

தச்சன்மகன்:
ஊர்சுற்றி சொன்னதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பச்சை மரத்தின் மேல் பழி போடுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அப்பா தென்காசிப் பக்கம் தச்சு வேலை பார்த்தவர். நான் இங்கே ஓக் மரச் சட்டகம் செய்யும் பட்டறையில் எட்டு வருடமாக இருக்கிறேன். நாங்கள் இன்றைக்கும் பச்சை ஓக்கில்தான் வேலை செய்கிறோம். காய்ந்து முற்றிய ஓக் இரும்பு மாதிரி. உளி வைத்தால் உளிதான் மழுங்கும். அதனால் அந்தக் காலத்தில் இங்கே பெரிய சட்டகங்களை எல்லாம் பச்சை மரத்திலேயே இழைத்து, துளை போட்டு, கழுந்து செருகி, காய்ந்த மர ஆணியால் இறுக்கினார்கள். துளை போடும்போது மரத்திலிருந்து தண்ணீர் கசியும், புளிப்பு வாடை அடிக்கும், இரும்புக் கருவி பட்ட இடத்தில் கை கறுத்துப்போகும். நாளாக ஆக மரம் சுருங்கி ஆணியைக் கவ்விக்கொள்ளும். அப்படிச் செய்த கூரைகள் நூற்றுக்கணக்கில் அறுநூறு எழுநூறு வருடமாக நேராக நிற்கின்றன. பச்சை மரம் மட்டுமே குற்றவாளி என்றால் அவையும் முறுக்கியிருக்க வேண்டுமே?

செஸ்டர்ஃபீல்டில் இல்லாமல் போனது குறுக்குக்கட்டைதான். கூம்பு எட்டுப் பட்டை. எட்டு மூலைச் சட்டங்கள் மேலே ஒன்றுகூடுகின்றன. அவற்றுக்கிடையே மூலைவாட்டமாகப் போதுமான தாங்கு இல்லை. வீட்டிலேயே செய்து பாருங்கள்: எட்டுக் குச்சிகளின் நுனியைச் சேர்த்துக் கட்டி, அடியை வட்டமாக விரித்து நிறுத்துங்கள். நுனியை இரண்டு விரலால் லேசாகத் திருகினால் எட்டும் ஒரே பக்கம் படுக்கும். பக்கத்துப் பக்கத்துக் குச்சிகளுக்கு நடுவே சாய்வாக ஒரு குச்சி வைத்துக் கட்டிவிட்டுத் திருகுங்கள். அசையாது.

அந்தச் சட்டகத்தின் மேல் ஈயத்தகடு போர்த்தியிருக்கிறது. எடை சுமார் 33 டன். இவ்வளவு பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு காய்கிற மரம் எந்தப் பக்கம் இடம் கிடைத்ததோ அந்தப் பக்கம் போயிருக்கிறது. இதில் வெயிலுக்கும் பங்கு உண்டு. இந்த நாட்டில் வெயில் தெற்கிலிருந்துதான் வரும். தெற்கு முகத்து ஈயம் சூடேறி விரியும், வடக்கு முகம் நிழலில் குளிர்ந்தே கிடக்கும். இப்போது முறுக்கு 45 பாகை. தரையிலிருந்து நுனி வரை 228 அடி. அந்த நுனி நடுக்கோட்டிலிருந்து 9 அடி 6 அங்குலம் தென்மேற்கே தள்ளி நிற்கிறது.

கண்ணை ஏமாற்றும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. தகடுகளை மீன்முள் போலச் சாய்வாகப் பதித்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பட்டையும் இரண்டாகப் பிரிந்தது போலத் தோன்றும். எட்டு பதினாறாகத் தெரியும், முறுக்கும் கூடுதலாகத் தெரியும்.

வழிகாட்டியோடு மணிக்கோபுரத்தில் ஏற விடுவார்கள். கல் படிக்கட்டு ஒரு ஆள் போகிற அகலம்தான். மேலே கூம்பின் அடியில் நின்று உள்ளே அண்ணாந்து பார்த்தேன். இருட்டில் சட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் திரும்பிக்கொண்டே போகின்றன. கைக்கு எட்டிய ஒரு சட்டத்தில் வாய்ச்சி கொத்திய தழும்பு அப்படியே இருந்தது. விரலை வைத்தால் பொருந்துகிறது. கொள்ளைநோய்க்குப் பிறகு மிச்சமிருந்த ஒரு தச்சன் கொத்தியது அது. பயிற்சி குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் சோம்பேறித்தனமான கொத்து இல்லை அது.

அப்புறம், விழுமா என்று கேட்டீர்களே. கூம்பைக் கல் கோபுரத்தோடு பிணைக்கவில்லை. தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அறுநூற்று அறுபது வருடமாக அப்படித்தான். விழாது என்று மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கல்தேடி:
எல்லாரும் கூம்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளேயும் போங்கள். பெயர் புனித மரியாள், சகல பரிசுத்தவான்கள் தேவாலயம். டெர்பிஷயர் மாவட்டத்துத் தேவாலயங்களிலேயே பெரியது. பழைய பகுதிகள் 1234 வாக்கில், பெரும்பகுதி 14-ஆம் நூற்றாண்டில். ஊரின் வணிகச் சங்கங்கள் தங்களுக்கென்று சிறு வழிபாட்டு அறைகள் வைத்திருந்தன, அந்தச் செல்வாக்கு கட்டடத்தின் அளவிலேயே தெரியும். ஃபோல்ஜாம்ப் குடும்பத்துச் சமாதிகளை விட்டுவிடாதீர்கள்.

1961 டிசம்பரில் வடக்கே சிலுவையின் கை போல நீளும் பகுதியில் தீப்பிடித்தது. ஜான் ஸ்னெட்ஸ்லர் 1756-இல் செய்த ஆர்கன் என்ற பெரிய குழல் இசைக்கருவி அதில் போய்விட்டது. கூம்புக்குத் தீ ஏறாமல் காப்பாற்றினார்கள்.

தச்சன்மகனுக்கு ஒன்று: கல்லையும் மரத்தையும் மேலே தூக்கப் பயன்பட்ட இடைக்காலத்து மரச்சக்கரம் வெகுகாலம் அந்தக் கோபுரத்திலேயே கிடந்தது. பிறகு ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆள் உள்ளே ஏறி நடந்தால் சுழலும் சக்கரம்.

தச்சன்மகன்:
அந்தச் சக்கரத்தை நான் பார்த்ததில்லை. இவ்வளவு நாள் தெரியாமல் போய்விட்டதே. நன்றி.

ரயில்சன்னல்:
அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை மகளோடு போய் வந்தேன். அதற்கு முந்தின இரவே கபாப் குத்தும் மூங்கில் குச்சி எட்டு எடுத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, மாவு உருண்டையில் ஊன்றித் திருகிப் பார்த்தோம். நீங்கள் சொன்னது போலவே ஒரே பக்கம் படுத்தது. சாய்வுக் குச்சி கட்டியதும் நின்றுவிட்டது. அதை அவள் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

தேவாலயத்தைச் சுற்றி வந்து பட்டைகளை எண்ணினோம். முதல் தடவை அவளுக்குப் பதினாறு, எனக்குப் பதினான்கு. அப்புறம் மணிக்கோபுரத்தின் விளிம்பில், கூம்பு தொடங்கும் இடத்தில் மட்டும் பார்வையை வைத்து ஒவ்வொரு மூலையாக எண்ணச் சொன்னேன். எட்டு.