அப்பாவின் கடற்படை ஆண்டுகளை 16ஆம் நாள் காரியத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: சாட்ஸ்வொர்த் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் இம்மாதத் தொடக்கத்தில் காலமானார். டர்பனின் கிளேர் எஸ்டேட்டில் தகனம் செய்து, உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அஸ்தியைக் கரைத்தோம். வரும் ஞாயிற்றுக்கிழமை 16ஆம் நாள் காரியம். அன்று மூத்த மகளான நானே அவருடைய வாழ்க்கையைப் பற்றித் தமிழில் கால் மணி நேரம் பேச வேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்தால் இரண்டு இடங்களில் பேனா நின்றுவிடுகிறது.

முதலாவது, இனஒதுக்கல் காலத்தில் அவர் தென்னாப்பிரிக்கக் கடற்படையில் சேர்ந்த கதை. டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் நம் போன்ற இந்திய வம்சாவளியினருக்கென 1970களின் நடுவில் தொடங்கப்பட்ட ஜல்சேனா பயிற்சி நிலையத்தில் அவர் சேர்ந்தார். அதே தீவில், பழைய கடற்படைக் குடியிருப்புகளில்தான், 1961இல் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அது வெஸ்ட்வில்லுக்கு மாறுவதற்கு முன் பெரியப்பா அங்கே படித்தவர். இனம் பிரித்து நடத்தும் கல்லூரி என்பதால், படித்துக்கொண்டே அதன் விழாக்களைப் புறக்கணித்தவர். நமக்கு வாக்குரிமை தராத அரசாங்கத்தின் சீருடையைத் தம்பி போட்டுக்கொண்டார் என்பதற்காகப் பல ஆண்டுகள் அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிறகு எப்படிச் சமாதானமானார்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சபையில் இதைத் தொடலாமா, தொடாமல் கடந்துவிடுவதா?

இரண்டாவது, அவருடைய வேலை. என்ஜின் அறையில் அவர் என்ன செய்தார் என்பது எனக்கே தெரியாது. வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார். நாங்கள் பிள்ளைகள் சண்டையிட்டால் மட்டும், “சூடு ஆறட்டும், அதற்குள் மூடியைத் திறக்காதே” என்பார். அம்மா அதைச் சோற்றுப் பானையைப் பற்றிய பேச்சு என்றே நெடுநாள் நினைத்திருந்தார்.

மறுமொழி 1: பழைய என்ஜின் அறைக்காரன்

அம்மா, உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன். உங்கள் தந்தையாரை நான் அறிந்திருக்கவில்லை. ஆனால் அந்த மூடியை நன்றாக அறிவேன்.

பெரிய டீசல் என்ஜினின் கிராங்க் அறைக்குள், அதாவது சுழல்தண்டு ஓடும் மூடிய அடிப்பகுதிக்குள், ஒரு பேரிங் (தண்டைத் தாங்கும் உறுப்பு) எண்ணெய் குறைந்தோ தேய்ந்தோ அளவுக்கு மீறிச் சூடேறினால், அதன்மேல் படும் எண்ணெய் ஆவியாகி, பிறகு குளிர்ந்து வெண்புகை போன்ற மூடுபனியாக அறையை நிறைக்கும். பதறிப்போய் அந்த நேரத்தில் பக்கக் கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகும்; எண்ணெய்ப் பனியும் காற்றும் சேர்ந்து வெடிக்கும். 1947 செப்டம்பரில் வட அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால், ரெய்னா டெல் பசிபிகோ என்ற பயணிகள் கப்பல் பழுதுபார்ப்புக்குப் பின் சோதனை ஓட்டத்தில் இருந்தபோது, கிராங்க் அறைகள் வெடித்து 28 பேர் இறந்தார்கள். என்ஜின் வேலை பயில்பவர்களுக்கு முதலில் சொல்லப்படும் கதைகளில் அதுவும் ஒன்று. எச்சரிக்கை மணி அடித்தால் என்ஜினை நிறுத்து, கதவுகளுக்கு நேரே நிற்காதே, குறைந்தது அரை மணி நேரமாவது காத்திரு என்பது விதி. உங்கள் தந்தையார் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். உரையை இங்கிருந்தே தொடங்குங்கள். சபையில் உள்ள குழந்தைக்கும் புரியும்.

நம் கடற்படையின் அந்தக் காலத்து ஏவுகணைப் படகுகள் 9. அவற்றில் 3 இஸ்ரேலின் ஹைஃபாவிலும் 6 நம் டர்பனிலும் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலும் நான்கு டீசல் என்ஜின்கள். உள்ளே சூடு 40 பாகையைத் தாண்டும். பேச்சு கேட்காது, கைச்சாடையும் உதட்டசைவும்தான். ஆனாலும் நல்ல பொறியாளர் ஒரு நீளத் திருப்புளியின் முனையை இயந்திரத்தின்மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்தி, எந்த பேரிங் முனகுகிறது என்று சொல்லிவிடுவார். அதற்குக் கொடுத்த விலையும் காதுதான். உங்கள் வீட்டில் தொலைக்காட்சி எப்போதும் உரக்க ஓடியிருந்தால் காரணம் இதுவே.

சீருடையைப் பற்றி ஒரு சொல். வெள்ளை இளைஞர்களுக்குத்தான் படைச் சேவை கட்டாயம்; நம்மவர் தாமாகச் சேர்ந்தவர்கள். அதை மறைக்க வேண்டாம். 1956 முதல், இனம் பார்த்து வேலைகளை வெள்ளையருக்கென ஒதுக்கிவைக்க அனுமதிக்கும் சட்டம் இருந்தது. எம். எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியில் மாலை வகுப்பு முடித்த பையன்கள்கூடத் தொழிற்பட்டறைகளில் துடைப்பத்தோடு நின்ற காலம். எனக்கு என்ஜினைத் தொடக் கிடைத்த முதல் வாசல் கடற்படைதான். வெட்கப்பட்டதும் உண்டு, பெருமைப்பட்டதும் உண்டு, சில நாட்களில் இரண்டும் ஒரே காலையில்.

மறுமொழி 2: ஃபீனிக்ஸ் ஆசிரியை

மேலே ஐயா எழுதியது உருக்கமாக இருக்கிறது. ஆனால் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அதே வேலையின்மையில் தவித்தும் சீருடை போடாதவர்கள் நம் தெருக்களில் இருந்தார்கள். 1984இல், வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனி அவை வைத்த மூன்று அவை நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் வந்தபோது, “இன்று வாக்குப் போட்டால் நாளை நம் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படைக்கு இழுப்பார்கள்” என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தவர் என் அண்ணன். ஆகவே “வேறு வழியில்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மகளே. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் வேறு வழியைத் தேர்ந்து கஷ்டப்பட்டவர்களும் இருப்பார்கள். அப்பா ஒரு முடிவெடுத்தார், பெரியப்பா அதை ஏற்கவில்லை என்று இரண்டு வாக்கியங்களில் நேராகச் சொல்லுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய குறை வேறொன்று. உங்கள் கேள்வியில் அம்மா ஒரே ஒரு வாக்கியத்தில், அதுவும் சோற்றுப் பானையோடு, வந்து போகிறார். கடற்படைக்காரர் கேப் டவுன் அருகே கடற்படைத் தளமுள்ள சைமன்ஸ் டவுனுக்கு மாற்றப்பட்டால் அது டர்பனிலிருந்து சாலை வழியே 1,600 கிலோமீட்டருக்கும் மேல். அந்த ஊர் 1967இலேயே வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வாடகைக்கு வீடு பிடித்துக் குடும்பத்தோடு போய்விட முடியாது. அந்த மாதங்களில் பிள்ளைகளின் காய்ச்சல், பள்ளிக்கூடம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதம் எல்லாவற்றையும் நடத்தியது யார்? விடுமுறையில் வந்தவர் வீட்டில் எதைப் பழுதுபார்த்தார், யாரைத் தோளில் தூக்கிக்கொண்டு காவடி பார்க்கப் போனார் என்று அம்மாவையே கேளுங்கள். பதவி உயர்வுகளின் பட்டியலைச் சபை அன்று மாலையே மறந்துவிடும்.

மறுமொழி 3: தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்

சிறு குறிப்பு மட்டும். “கடற்படைப் பொறியாளர்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அதன்பின் “என்ஜின்காரர்” என்றே சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஜல்சேனா என்பது இந்திப் பெயர் என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். தமிழும் தெலுங்கும் பேசும் வீட்டுப் பையன்களுக்கு இந்தியில் பெயர் வைத்த புத்திசாலி யாரோ!

மறுமொழி 4: சாட்ஸ்வொர்த் மகள்

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி நேற்று இரவு அம்மாவிடம் கேட்டேன். பெரியப்பாவும் அங்கே இருந்தார். அம்மா பேசத் தொடங்கியதும் அவரே குறுக்கிட்டார்.

1982 பிப்ரவரி 18 அன்று, நம் கடற்படையின் பிரசிடென்ட் குரூகர் என்ற போர்க்கப்பல், கேப் முனைக்குத் தென்மேற்கே அதே கடற்படையின் டாஃபல்பெர்க் கப்பலோடு மோதி மூழ்கியது. 16 பேர் இறந்தார்கள். அப்பா அப்போது சைமன்ஸ் டவுனில் இருந்தார். எந்தக் கப்பலில் என்று பெரியப்பாவுக்குத் தெரியாது, கேட்கும் உறவும் அப்போது இல்லை. வானொலியில் செய்தி கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்பா வேறு கப்பலில் இருக்கிறார் என்று அம்மா சொல்லியும் நம்பாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம். மாலையில் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அப்பாவின் அழைப்பு வந்தது. பெரியப்பா ஓடிப்போய் எடுத்தார். அப்பாவுக்கோ காது அப்போதே மந்தம், “யார்? யார் பேசுவது?” என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். “உன் அண்ணன்டா!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியதாகப் பெரியப்பா சொன்னார்.

அந்தப் பகுதியைத் தானே பேசிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். எனக்கு இனிப் பத்து நிமிடம்தான். கிராங்க் அறையும் அம்மாவும் அதற்குள் அடங்க வேண்டும்.