கையெழுத்திட்ட பழைய ‘பிட்ஃபால்’ கேம்: ஏலத்தில் ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, இப்போது மையும் மங்கிவிட்டது. உதவி தேவை

பீவர்டன் குமரன்:

எல்லாருக்கும் வணக்கம். பழைய வீடியோ கேம் சேகரிப்பவர்கள், ஈபேயில் விற்றுப் பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். பொருள் என்னுடையதில்லை, அதனால்தான் இவ்வளவு பதற்றம்.

அமெரிக்காவின் ஓரிகனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்து மகளோடு போய் இருக்கப் போகிறார். அவரிடம் டிவியில் இணைத்து ஆடும் அடாரி 2600 கருவிக்கு வந்த ‘பிட்ஃபால்’ கேம் பெட்டியோடு இருக்கிறது. 1982-ல் மகனுக்கென்று வாங்கி, மகனைவிட இவர்தான் அதிகம் ஆடினாராம். பெட்டியின் முன்பக்கத்தில் அதை உருவாக்கிய டேவிட் கிரேனின் கையெழுத்து நீல மார்க்கரில் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு ரெட்ரோ கேம் கண்காட்சியில் நேரில் வாங்கியது. “உனக்கு இணையம் தெரியும், நீயே விற்றுக் கொடு” என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

முதலில் 400 டாலரில் ஏலத்தைத் தொடங்கினேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை 1 டாலரில் தொடங்கி 207.50-க்குப் போனது. ஜெயித்தவரின் கணக்கு புத்தம்புதியது, ஒரு மதிப்புரைகூட இல்லை. இன்றோடு ஆறு நாள், பணம் வரவில்லை. அதோடு அவரிடமிருந்து ஒரு செய்தி: “600 டாலருக்குக் காசோலை தபாலில் அனுப்புகிறேன், பொருளை எடுக்க ஒரு ஆள் வருவார், மீதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.”

இதற்கு நடுவில் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். பெட்டியின் மூலையில் பழைய கடை விலை ஸ்டிக்கர் ஒன்று பாதி உரிந்து அசிங்கமாக இருந்தது. அடுத்த ஏலத்துக்குள் சுத்தம் செய்துவிடலாம் என்று காது குடையும் பஞ்சில் ரப்பிங் ஆல்கஹால் தொட்டுப் பசையைத் துடைத்தேன். பஞ்சு நீலமாக வந்தது. கையெழுத்தின் கடைசி எழுத்து ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே முடிகிறது, நான் கவனிக்கவில்லை. இப்போது அந்த எழுத்தின் வால் வெளிறிப் போயிருக்கிறது. பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இரண்டாவதாக வந்தவர் 205 கேட்டிருந்தார். அவருக்கே கொடுத்துவிடலாமா? அதே நீல மார்க்கரால் வாலை மட்டும் லேசாக இழுத்துவிடலாமா? சான்றிதழ் ஏதாவது வாங்க வேண்டுமா?

அடாரி ராசன்:

தம்பி, மார்க்கரைக் கீழே வை. முதல் வேலை அதுதான். கிரேன் போட்ட கையெழுத்தில் நீ ஒரு கோடு இழுத்தாலும் மிச்சமிருக்கும் எழுத்து அத்தனையும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். வால் மங்கிய அசல் கையெழுத்தை வாங்க ஆள் இருக்கிறது. திருத்திய கையெழுத்தை எவனும் தொடமாட்டான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு மையும் தனித்தனியாகத் தெரியும்.

400-ல் ஏன் யாரும் கேட்கவில்லை என்றால், பிட்ஃபால் அரிய கேம் இல்லை. 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வெறும் கேட்ரிட்ஜ் (கருவியில் செருகும் கேம் பேழை) இன்றைக்கும் மலிவாகக் கிடைக்கும். 2021 ஜூலையில் டாலஸில் உள்ள ஹெரிடேஜ் ஏலத்தில் ‘சூப்பர் மாரியோ 64’ 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போன செய்தியைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் வீட்டுப் பரணை உருட்டுகிறார்கள். அது பிரிக்கவே பிரிக்காத, தரமதிப்பீட்டில் பத்துக்கு 9.8 வாங்கிய பிரதி. ஆடித் தேய்ந்த பெட்டியின் கணக்கு வேறு. உன் பெட்டியில் விலை பெறுவது அந்தக் கையெழுத்து மட்டும்தான்.

அந்தக் கையெழுத்துக்கு அர்த்தமும் இருக்கிறது. அடாரி கம்பெனியில் வேலை செய்தபோது கேம் எழுதியவர்களின் பெயரைப் பெட்டியில் போடமாட்டார்கள். அந்த மனக்குறையோடு வெளியே வந்தவர்கள்தான் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்லான். பிட்ஃபாலை வெளியிட்ட ஆக்டிவிஷன் கம்பெனி 1979-ல் பிறந்ததே அப்படித்தான். எழுதியவரின் பெயரைச் சொல்லி விற்றவர்கள் அவர்கள். அந்தப் பெட்டியின் மேல் அந்த மனிதரே பெயர் எழுதியிருக்கிறார். 4 கிலோபைட்டுக்குள் 255 திரைகளை அடக்கியவர். திரைகளை எங்கேயும் சேமித்து வைக்கவில்லை, ஐம்பது பைட்டுக்கும் குறைவான ஒரு சின்ன நிரல் துண்டு முன்னும் பின்னும் எண்ணிக்கொண்டே போய் ஒவ்வொரு காட்டுத் திரையையும் அந்த நொடியில் உண்டாக்குகிறது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் சிலிர்க்கும். விளம்பரக் குறிப்பில் இதில் இரண்டு வரியாவது எழுது. வாங்குகிறவனுக்கு எதை வாங்குகிறோம் என்று தெரியட்டும்.

ஒரு சந்தேகம். கையெழுத்து வாங்கியபோது எடுத்த போட்டோ ஏதாவது பெரியவரிடம் இருக்கிறதா?

மீனா நியூஜெர்சி:

குமரன், காசோலை ஆளுக்குப் பதிலே போடாதீங்க. அது ரொம்பப் பழைய மோசடி. காசோலையைப் போட்டதும் ஒன்றிரண்டு நாளில் பணம் கணக்கில் வந்த மாதிரி காட்டும். நீங்க மீதியைக் கையில் எடுத்துக் கொடுப்பீங்க. வாரங்கள் கழிச்சு காசோலை போலின்னு திரும்பும், மொத்தத் தொகையும் உங்க தலையில் விழும். பொருளும் போயிருக்கும். தளத்துக்கு வெளியே பணம் தர்றேன்னு யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திடுங்க. அந்தச் செய்தியைப் புகார் பண்ணிடுங்க.

ஈபேயில் வாங்கினவருக்கு நாலு நாள் அவகாசம். அது முடிஞ்சாச்சு, இனி ‘வாங்கியவர் பணம் செலுத்தவில்லை’ங்கிற காரணத்தைத் தேர்ந்தெடுத்து நீங்களே ரத்து செய்யலாம். வேற காரணம் போட்டுடாதீங்க. இதைப் போட்டாத்தான் கட்டணம் உங்களுக்குத் திரும்ப வரும், அவர் கணக்கிலும் பதிவாகும். விற்கிறவங்க வாங்கினவங்களுக்கு எதிர்மறை மதிப்புரை போட வழியில்லை, அதனால இந்தப் பதிவுதான் நம்ம கையில் இருக்கிற ஒரே விஷயம். அப்புறம் அவரைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்துட்டு, அமைப்புகளில் பணம் கட்டாத வரலாறு உள்ளவங்க கேட்க முடியாதபடி செய்துடுங்க.

205 கேட்டவர் விஷயம். ‘இரண்டாம் வாய்ப்பு’ன்னு அவருக்கு அனுப்பலாம், ஏலம் முடிஞ்சு 60 நாள் வரை முடியும். விலை அவர் கேட்ட உச்சத் தொகையே, 205. மூணாவதா நின்னவர் எவ்வளவு கேட்டார்னு பாருங்க.

பீவர்டன் குமரன்:

மூன்றாவது ஆள் 140.

மீனா நியூஜெர்சி:

அப்போ யோசிச்சுப் பாருங்க. அந்தப் போலி ஆள் வராம இருந்திருந்தா 205 கேட்டவருக்கு இது 142.50-லேயே விழுந்திருக்கும். எவ்வளவு உச்சம் போட்டிருந்தாலும் விலை அடுத்தவரைவிட ஒரு படி மேலதான் நிக்கும், 100 டாலருக்கு மேல அந்தப் படி 2.50 தானே. அவரை மேல மேல ஏத்திவிட்டது பணமே கட்டாத ஆள். தளத்தோட விதிப்படி நீங்க 205 கேட்கலாம், தப்பில்லை.

ஆனா அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. அவர் 205 கேட்டது பழைய படத்தைப் பார்த்து. நீங்க துடைச்சது அதுக்கப்புறம். இப்போ உங்க கையில் இருக்கிறது அவர் கேட்ட பொருள் இல்லை. அப்படியே அனுப்பினா ‘விவரித்தபடி இல்லை’ன்னு 30 நாளுக்குள் திருப்பி அனுப்ப அவருக்கு முழு உரிமை உண்டு, நியாயமும் அவர் பக்கம்தான். இரண்டாம் வாய்ப்பை விட்டுடுங்க. புதுப் படத்தோட மறுபடி ஏலம் விடுங்க.

தாள் தறி:

நான் நூலகத்தில் பழைய தாள், அட்டை பராமரிக்கும் வேலையில் இருப்பவள். மை பற்றி மட்டும் சொல்கிறேன்.

நிரந்தர மார்க்கர் என்று விற்பது ஆல்கஹாலில் கரையும் மை. தண்ணீருக்கு அசையாது, ரப்பிங் ஆல்கஹால் பட்டால் உடனே இளகும். இனி அந்தப் பெட்டியில் எந்தத் திரவமும் படக்கூடாது. ஹேர் டிரையரும் வேண்டாம். ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், வெயில் மீதியையும் வெளுக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். சில பழைய பெட்டிகளிலும் கையேடுகளிலும் கையெழுத்தே அச்சாகி வரும், அதை அசல் என்று நினைத்து விற்றுப் பிரச்சினையில் மாட்டியவர்கள் உண்டு. உங்களுடையது பஞ்சில் வந்ததால் மேலே எழுதிய மைதான், சந்தேகமில்லை. ஆனாலும் லென்ஸ் வழியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அச்சு என்றால் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். பேனா என்றால் கோடு திரும்பும் இடங்களில் மை தேங்கி அடர்த்தியாக இருக்கும். படம் எடுக்கும்போது ஃப்ளாஷ் போடாமல் பெட்டியைச் சற்றே சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். பளபளப்பு அட்டையின் மேல் மை உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

பீவர்டன் குமரன்:

நேற்றிரவு பெரியவரிடம் சொல்லிவிட்டேன். பஞ்சையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பெட்டியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த ஸ்டிக்கரை என் மனைவி எடுக்கவே விடமாட்டாள்” என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

ராசன் அண்ணா கேட்ட போட்டோ இருக்கிறது. அந்த அம்மாதான் எடுத்தாராம். மேசைக்குப் பின்னால் கிரேன் குனிந்து எழுதுகிறார், பெரியவர் இந்தப் பக்கம் நிற்கிறார். இன்னும் இரண்டு சாமான்களும் ஒரு உறையிலிருந்து வந்தன. 1982-ல் 20,000 புள்ளி எடுத்ததும் டிவி திரையைப் போட்டோ எடுத்து ஆக்டிவிஷனுக்கு அனுப்பியிருக்கிறார். அதற்கு அவர்கள் அனுப்பிய துணி பேட்ஜ், கூடவே வந்த கடிதம். பேட்ஜையும் கேமோடு இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தால் விலை ஏறுமா?

அடாரி ராசன்:

தம்பி, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார். பெட்டியின் மூலை தெரிகிறதா? ஸ்டிக்கர் தெரிகிறதா?

பீவர்டன் குமரன்:

தெரிகிறது அண்ணா. ஸ்டிக்கர் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, ஆனால் மேல் ஓரம் கிழிந்திருக்கும் வளைவு அச்சு அசலாக அதேதான். பக்கத்து மூலையில் உள்ள நசுங்கலும் அப்படியே.

அடாரி ராசன்:

உன் சான்றிதழ் அதுதான். கிரேன் ஏதோ ஒரு பெட்டியில் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, அவர் எத்தனையோ பெட்டிகளில் போட்டிருப்பார். ஸ்டிக்கரும் நசுங்கலும் ஒத்துப்போனால்தான் இதே பெட்டி என்று ஆகிறது. நீ அசிங்கம் என்று துடைக்கப் போனது அந்தச் சாட்சியைத்தான். நல்லவேளை, பாதியில் நிறுத்தினாய்.

போட்டோவையும் பெட்டியையும் ஒரே கோணத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போடு. வாங்குகிறவருக்குப் போட்டோவின் பிரதி ஒன்றும் போகும் என்று எழுது. பெரியவர் முகம் பொதுவில் வர வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை மறைத்துக்கொள்.

பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் மாதிரி கையெழுத்து சரிபார்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் அவர்களிடம் போவது பெரும்பாலும் விளையாட்டு வீரர்கள், நடிகர்களின் கையெழுத்து. கேம் எழுதியவர்களின் கையெழுத்தைப் பார்ப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள். 200 டாலர் பொருளுக்கு அந்தக் கட்டணமும் போகவர அனுப்பும் செலவும் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. நீயே ‘உண்மைச் சான்றிதழ்’ என்று ஒரு தாள் அடித்து வைக்காதே, அதற்கு மதிப்பில்லை. எங்கே, எப்போது, யார் வாங்கினார்கள், யார் படமெடுத்தார்கள் என்று பெரியவர் கைப்பட நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

பேட்ஜை இலவசமாகச் சேர்க்காதே. ஆக்டிவிஷன் பேட்ஜ்களை மட்டும் தேடுகிறவர்கள் தனியாக இருக்கிறார்கள், அதுவும் கடிதத்தோடு என்றால் கேட்கவே வேண்டாம். பெரியவரைக் கேட்டுவிட்டுத் தனி ஏலம் விடு.

மீனா நியூஜெர்சி:

விவரத்தில் மங்கின வாலைக் கடைசி வரியில் ஒளிச்சு வைக்காதீங்க. ரெண்டாவது வரியிலேயே வரட்டும்: முன்னாடி இப்படி இருந்தது, சுத்தம் பண்ணும்போது இப்படி ஆச்சு, ரெண்டு படமும் கீழே இருக்கு. துடைக்கிறதுக்கு முந்தின படம் உங்ககிட்ட இருக்கிறது பெரிய பலம்.

ஏழு நாள் ஏலம், ஞாயிறு சாயங்காலம் முடியற மாதிரி வைங்க. கடைசி நிமிஷத்தில்தான் கேட்பாங்க, நடுவாரத்தில் 30 டாலரில் நின்னா பதறாதீங்க. விலையைத் தூக்கிவிட நண்பர்களைக் கேட்கச் சொல்றது விதிமீறல், அது வேண்டவே வேண்டாம். 1 டாலரில் தொடங்க பயமா இருந்தா 99-ல் தொடங்குங்க.

பெரியவர்கிட்ட கையில் வர்ற தொகையை முன்னாடியே சொல்லிடுங்க. தளத்தோட பங்கு பொருள் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவையும் சேர்த்த மொத்தத்துக்குக் கணக்காகும்.

அனுப்பும்போது கேட்ரிட்ஜைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துத் தனியா சுத்துங்க. உள்ளேயே விட்டா வழியெல்லாம் ஆடி ஆடி அட்டையைக் கிழிச்சுடும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். கையெழுத்துப் பக்கம் டேப் படவே கூடாது. கெட்டி அட்டைப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. மீடியா மெயில் (அமெரிக்கத் தபாலில் புத்தகம் மாதிரியான பொருளுக்கான வகை) மலிவுன்னு அதில் போட்டுடாதீங்க, வீடியோ கேமுக்கு அது செல்லாது. 750 டாலருக்கு மேலதான் பெறுபவர் கையொப்பம் கட்டாயம், ஆனா இதுக்கும் நான் வாங்கிடுவேன்.

பீவர்டன் குமரன் (இரண்டு வாரம் கழித்து):

ஞாயிறு ஏலம் முடிந்தது. 187.50. எடுத்தவர் அதே 205 கேட்டவர். புது ஏலம் தொடங்கியதும் கேள்விப் பகுதியில் வந்து, மங்கியதை முன்னாலேயே சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, போட்டோவில் ஸ்டிக்கர் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கி இன்னொரு படம் கேட்டார். அனுப்பினேன். பணம் அன்றிரவே வந்துவிட்டது.

நாலு வரி எழுதித் தரச் சொன்னால் பெரியவர் ஒரு பக்கம் எழுதிவிட்டார். படமெடுத்தது தன் மனைவி என்பதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். நான் திருத்தவில்லை, அப்படியே பெட்டியோடு போகிறது.

பேட்ஜ் விற்பனைக்கு இல்லை என்றுவிட்டார். பயணத்துக்குப் போட்டுக்கொள்ளப் போகும் ஜாக்கெட்டில் அதைத் தைக்க வேண்டுமாம். தாள் தறி அக்கா, 1982 துணி பேட்ஜில் ஊசி போடலாமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

தாள் தறி:

பேட்ஜின் உடம்பில் ஊசி போடாதீர்கள். சுற்றி ஓரம் கட்டியிருக்கும் தடித்த நூல்தையல் மேல் மட்டும், மெல்லிய பருத்தி நூலில், நெருக்கமில்லாமல் கையால் தையுங்கள். இஸ்திரி வைக்க வேண்டாம். அந்த ஜாக்கெட்டைத் துவைக்கும் முன் பிரித்து எடுத்துவிடச் சொல்லுங்கள். கடிதத்தை மடிக்காமல் ஒரு உறையில் வையுங்கள்.