தேயிலை வரலாறு பார்க்கப் போகிறோம், கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. அட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். அடுத்த மாதம் 32 பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போகிறோம். காலையில் லூல்கந்துர, 1867இல் ஸ்கொட்லாந்துத் துரை ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையைப் போட்ட இடம். அப்புறம் ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம்.

தேயிலைக்கு முன்பு இருந்த கோப்பி இலைநோயில் அழிந்தது, 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போனது, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்கு வந்தது எல்லாம் பிள்ளைகளுக்கு வெறும் வருடக் கணக்கு. போன கிழமை ஒரு பிள்ளையிடம், "அம்மா எடுக்கிற கொழுந்தில் எத்தனை கிலோ தூள் வரும்?" என்று கேட்டேன். தெரியவில்லை. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்றதும் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். அன்றைக்கே இந்தப் பயணத்தை முடிவு செய்துவிட்டேன்.

தெல்தோட்டை வழியாக லூல்கந்துரைக்குப் பெரிய பஸ் ஏறுமா, இல்லை சின்ன வேன்தான் சரியா? வேலை நடக்கும் நேரத்தில் மாணவர்களை உள்ளே விடும் தொழிற்சாலை அந்தப் பக்கம் உண்டா? போன வருடம் வேறொரு இடத்தில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள், பிள்ளைகள் வாடிப்போனார்கள்.

முக்கியமாக, எழுபதுகளின் பஞ்ச காலத்தை லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்து பார்த்த தாத்தா பாட்டி யாராவது அரை மணிநேரம் பிள்ளைகளோடு பேசுவார்களா? தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். நான் நேரில் வந்து கேட்கிறேன்.