"ட, ப, ம"வில் ஆரம்பித்ததால்தான் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லையாம்!

பலப்பம்:
பக்கத்துத் திரியில் அகரமுதல அய்யா ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "அ, ஆ-வை ஓரங்கட்டிவிட்டு ட, ப, ம-வில் ஆரம்பித்தார்கள். அன்றைக்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பு செத்தது." அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் ஒருவராவது ஐந்து வயசுப் பிள்ளை கையில் சிலேட்டைக் கொடுத்து 'அ' எழுதச் சொல்லிப் பார்த்தாரா?

'அ'வுக்கு முதலில் ஒரு சுழி. அதிலிருந்து மேலே வளைந்து இறங்கி, கீழே வயிறு மாதிரி சுற்றி, குறுக்கே ஒரு கோடு போய், கடைசியில் ஒரு குத்துக்கோடு. பலப்பம் பிடிக்கவே வராத விரல் இத்தனை இடத்தில் திசை மாற வேண்டும். 'இ' இன்னும் மோசம். 'ட'வை எடுங்கள்: மேலிருந்து கீழே, அப்படியே வலப்பக்கம், முடிந்தது. அதோடு ஒரு கோட்டை மேலே தூக்கினால் 'ப'. அதன் வலது காலை வளைத்தால் 'ம'. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்த பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம், படபட, மடமட எல்லாம் எழுத்து கூட்டி வாசித்துவிடும். 12 உயிரும் முடித்த பிள்ளை எதை வாசிக்கும்? ஆ, ஈ. ஒரு மாடு, ஒரு பூச்சி. வாழ்க.

அகரமுதல:
என் பெயரைப் போட்டே திரி திறந்தமைக்கு நன்றி. முதலில் அது "எழுத்துக் கூட்டி". வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும். வாசிப்பு கற்பிப்பதைப் பற்றிப் பேச வருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இனிச் செய்திக்கு வருவோம். டகரம் மொழிக்கு முதலில் வராது. தொல்காப்பியம் மொழிமுதல் எழுத்துகளைச் சொல்லும் இடத்தில் டகரத்துக்கு இடமே இல்லை. எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காத ஓர் எழுத்தைக் குழந்தைக்கு முதல் எழுத்தாகக் கொடுக்கிறீர்கள். 'ட'வுக்கு என்ன படம் போடுவீர்கள்? டப்பாவா, டமாரமா? ஔவையின் ஆத்திசூடியே அகர வரிசையில்தான் போகிறது. அகராதி புரட்டவும் அந்த வரிசைதான் வேண்டும். இத்தனை தலைமுறை திண்ணைப் பள்ளி மணலில் 'அ' எழுதித்தான் படித்தது.

பலப்பம்:
"எழுத்தைக் கூட்டி" என்பதன் சுருக்கம் அய்யா. இரண்டாம் வேற்றுமைத் தொகை. கதை கேட்டான், நீர் குடித்தான். மிகாது. போகட்டும்.

'ட' மொழிமுதல் வராது, ஒத்துக்கொள்கிறேன். அதனால் என்ன? உயிரெழுத்து சொல்லுக்கு நடுவில் வராதே, அதைச் சொல்லவில்லையே நீங்கள்? இந்த வரியைப் பாருங்கள்:

மரத்தின் மேல் குருவி கூடு கட்டியது.

17 எழுத்து. இதில் உங்கள் உயிரெழுத்து எத்தனை? ஒன்றுகூட இல்லை. புள்ளி வைத்த மெய் 4, அகரமேறிய உயிர்மெய் 4, இகரம் 3, உகரமும் ஊகாரமும் சேர்த்து 5, ஏகாரம் 1. பிள்ளை தடுக்கி விழுவது இங்கேதான். நீங்கள் 'அ'வோடு அணிலையும் 'ஊ'வோடு ஊஞ்சலையும் ஒட்டிக் கொடுத்து மூன்று மாதம் ஓட்டுகிறீர்கள். படத்தை விரலால் மறைத்துவிட்டு 'ஊ'வைக் காட்டுங்கள், பிள்ளை "ஊஞ்சல்" என்று சொல்லும். அது எழுத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தின் எந்த மூலையில் ஊஞ்சல் இருந்தது என்பதை நினைவு வைத்திருக்கிறது.

ஏணிப்படி44:
அடேயப்பா, பலப்பம் சார் இன்னைக்கு எளிய எழுத்துக்கு வக்கீலா? போன வருஷம் செயல்வழிக் கற்றல் (பிள்ளை ஏணி மாதிரிப் படிப்படியா அட்டைகளை வெச்சுத் தன் வேகத்தில் கத்துக்கிற முறை) திரியில் "அட்டை விளையாட்டு, காகிதக் குப்பை" என்று எழுதினது யாரு? எளிமையிலிருந்து கடினத்துக்குப் போகணும்னு சொன்னதே அந்த அட்டைக்காரங்கதான். ஆந்திராவில் ரிஷிவேலிப் பக்கம் கிராமப் பள்ளிகளில் செய்ததைப் பார்த்துட்டு 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பிச்சாங்க. 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போச்சு. அப்போ திட்டினவர் இப்போ அந்த வாதத்தையே கடன் வாங்கிட்டு நன்றிகூடச் சொல்லமாட்டேங்கிறார்.

பலப்பம்:
44 சார், நான் குப்பை என்று சொன்னது அட்டை பராமரிப்பை. தப்பு எங்கே நடக்கும் என்று சொல்கிறேன், நீங்களே சரிபாருங்கள். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம், ஓர் எண், ஓர் அட்டை. பிள்ளை தன் படியைப் பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்கார வேண்டும். ஆசிரியர் துணை, ஆசிரியர் பகுதித் துணை, சக மாணவர் துணை, சக மாணவர் பகுதித் துணை, தானே கற்றல், மதிப்பீடு என்று 6 குழு. பள்ளியில் இருப்பது ஒரே ஒரு செட். ஒரே படியில் 5 பிள்ளைகள் நின்றால் ஒருவர் கையில் அட்டை, மீதி 4 பேர் வேடிக்கை. ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் படியில் நிற்கும் எல்லோரும் அங்கேயே நிற்பார்கள், இல்லையென்றால் தாண்டிக் குதிப்பார்கள். ஓரம் பிய்ந்து எண் அழிந்தால் தட்டில் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த முறையில் நல்லதும் உண்டு: பத்து நாள் லீவு போட்ட பிள்ளை திரும்பி வந்து விட்ட படியிலேயே தொடரலாம், பாடம் அதை விட்டுவிட்டு ஓடாது. அதையும் அந்தத் திரியிலேயே எழுதினேன். அதை மட்டும் படிக்கவில்லை போல.

அகரமுதல:
அட்டையெல்லாம் இருக்கட்டும். 'ட'வுக்கு என்ன படம்? இன்னும் விடை வரவில்லை.

மரத்தடி:
எழுத்து வரிசை சண்டையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். கொஞ்சம் கணக்குப் போடுவோமா? கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளை வரைக்கும் 2 ஆசிரியர். அப்போ 1, 2, 3 ஒருத்தர் கையில, 4, 5 இன்னொருத்தர் கையில. மூணு வகுப்புலயும் சேத்து 30 பிள்ளைன்னு வைங்க. ஒவ்வொண்ணையும் பக்கத்துல உட்கார வெச்சு 3 நிமிஷம் வாசிக்கக் கேட்டா 90 நிமிஷம். அதே சட்டத்துல 200 நாளைக்கு 800 மணி நேரம், நாளைக்கு 4 மணி, அதாவது 240 நிமிஷம். மீதி 150 நிமிஷத்துல கணக்கு, இங்கிலீஷ், சூழ்நிலையியல் எல்லாம், மூணு வகுப்புக்கும். அந்த 90 நிமிஷமும் மத்த 29 பிள்ளைங்க என்ன செய்யும்? இது ரெண்டு பேரும் வந்த நாளோட கணக்கு. ஒருத்தர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனா 5 வகுப்பும் ஒருத்தர் தலையில. 'ட'வுல ஆரம்பிச்சா என்ன, 'ஔ'வுல ஆரம்பிச்சா என்ன?

பலப்பம்:
கணக்கு சரிதான். அதனால்தான் 'ட' என்கிறேன். தனியாகக் கேட்க 3 நிமிடம்தான் கிடைக்கும் என்றால், அந்த 3 நிமிடத்தில் பிள்ளை ஒரு முழுச் சொல்லை வாசிக்க வேண்டும். 'அ' மட்டும் தெரிந்த பிள்ளையிடம் 3 நிமிடம் என்ன கேட்பீர்கள்?

சும்மா_பாக்குறேன்:
ஒரு சந்தேகம். நீங்க எல்லாரும் "வாசிப்பு"ன்னு சொல்றது எழுத்தைச் சத்தமா சொல்றதையா, இல்ல படிச்சது புரியறதையா? ரெண்டும் வேற இல்லையா?

அகரமுதல:
வாசிப்பு என்றால் வாசிப்பு. திசை திருப்ப வேண்டாம். குழந்தைக்கு முதலில் ஓசை தெரிய வேண்டும். 'படம்' என்னும்போது 'ட' மெலிந்து ஒலிக்கிறது, 'பட்டம்' என்னும்போது வன்மையாக. முதல் வாரத்திலேயே ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலியைக் கொடுத்துக் குழப்புகிறீர்கள். 'அ' எங்கே வந்தாலும் 'அ'தான்.

பலப்பம்:
தமிழ் பேசும் பிள்ளைக்குப் படமும் பட்டமும் வீட்டிலேயே தெரியும் அய்யா. அது ஒலியைப் புத்தகத்திலிருந்து கற்கவில்லை.

குழப்பம் என்றால் என்ன என்று இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளும். இரண்டாம் வகுப்பில் உகர வரிசை. ஆகாரத்துக்குக் கால், இகரத்துக்குக் கொக்கி என்று ஒரே அடையாளத்தைப் பழகிய பிள்ளைக்கு இங்கே 18 மெய்யும் மூன்று கூட்டமாகப் பிரிகிறது. ஙு, சு, பு, யு, வு ஒரு விதம். கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொரு விதம். ஞு, ணு, து, நு, லு, று, னு வேறு விதம். ஐந்து, ஆறு, ஏழு. ஊகாரத்தில் 'கூ'வும் 'சூ'வும் தனி வழி. பெரும்பாலும் இந்த வரிசையை அட்டவணையாகச் சுவரில் ஒட்டி, மேலிருந்து கீழே கோரஸாகக் கத்தவிடுகிறார்கள். பிள்ளை வரிசையைப் பாடும். நடுவிலிருந்து 'ணு'வைத் தொட்டுக் காட்டினால் க-விலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் சொல்லும். கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாலு சொல் கொடுத்தால் (சுவடு, புறா, வயிறு மாதிரி கலந்து கொடுக்காமல்) பழகிவிடும்.

அடுத்தது கொம்பு. 'கெ'யில் முதலில் எழுதுவது கொம்பு, ஒலிப்பதோ கடைசியில். 'கொ' இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். துணைக்காலை 'ர' என்று நினைத்து 'பால்' என்பதைப் 'பரல்' என்று வாசிக்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் உண்டு. 'கௌ'வைக் 'கெள' என்று வாசிப்பதும் அப்படித்தான். 1978-ல் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் ஒழுங்குக்கு வந்ததால் அந்தச் சுமையாவது குறைந்தது. உகரத்தில் யாரும் கை வைக்கவில்லை. இத்தனையும் இருக்க, முதல் வாரத்து 'ட'தான் வாசிப்பைக் கொன்றது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

ஏணிப்படி44:
கூட்டம் பிரிச்சுக் கத்துக்கொடுன்னு அட்டையிலயும் சொன்னோம். அப்போ யாரும் கேக்கலை. 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும்னு ஒரு அரசுத் திட்டத்தை 1 முதல் 3-ம் வகுப்பு வரைக்கும் கொண்டு வந்து, பிள்ளைங்களோட மூணு நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர்னு பேர் வெச்சாங்க, அடுத்த வருஷம் 4, 5-க்கும் நீட்டினாங்க. நிலைக்கு ஏத்த மாதிரி பிரிக்கிறது எங்க ஏணிதானே? பேர் மட்டும் பூ.

பலப்பம்:
ஏணியில் பிள்ளை தன் வேகத்தில் ஏறும். இங்கே மூன்று நிலைக்கும் பயிற்சி நூல், ஆசிரியருக்குக் கையேடு, மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற வேண்டும். இரண்டும் ஒன்றா? இணையம் இழுக்காத இடத்தில் செல்போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நிற்பதில் அரை மணி நேரம் போகிறது. பூவாம்.

மரத்தடி:
ஒருத்தரும் இடத்தைப் பத்திப் பேசமாட்டேங்கிறீங்க. செயல்வழிக்காகப் பிள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி சுவர் சுத்திக் கீழ்மட்டக் கரும்பலகை போட்டாங்க. நல்ல யோசனை. ஆனா பழைய கட்டடத்துல சுவரோட அடியில ஓதம் ஏறும். ரெண்டு மழைக்காலத்துல சுண்ணாம்பு பொரிஞ்சு, பெயிண்ட் தோல் மாதிரி உரியும். அதுல எழுதினா சாக்பீஸ் உடையும், இல்ல கோடே விழாது. ஓதத்தைச் சரிபண்ணாம மேல மேல கரும்பலகை பெயிண்ட் அடிச்சா பள்ளம் மேடுதான். மேல இருக்கிற பெரிய பலகைக்கு எதிர்ல ஜன்னல் இருந்தா காலையில பாதிப் பலகை மினுங்கும், ஓரத்துல உட்கார்ந்த பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. முன்னாடி ஊமத்தை இலையும் கரியும் தேச்சுப் பலகையை மங்கலாக்குவாங்க. இப்போ பளபளன்னு பெயிண்ட். தகரக் கூரையில மழை அடிச்சா ல-வும் ள-வும் ழ-வும் ஒண்ணுதான், ஒரே ரூம்ல ரெண்டு வகுப்புன்னா வெயில்லயும் அப்படித்தான். பசியும் உண்டு. 2022 செப்டம்பர்ல காலை உணவு ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. முதல் பாடவேளையில வாசிப்பு வைக்கலாம்னு நம்பிக்கையே அதுக்கப்புறம்தான்.

அகரமுதல:
மரத்தடி, ஓதம் எல்லாப் பள்ளியிலும் இல்லை. 'ட' எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது.

பலப்பம்:
எல்லாப் பள்ளியிலும் இருந்தால், பட்டம் என்று வாசிக்கிற பிள்ளையும் எல்லாப் பள்ளியிலும் இருக்குமே. உங்கள் வாதமே உங்களைக் கடிக்கிறது.

சும்மா_பாக்குறேன்:
நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையே. "பட்டம்"னு வாசிச்ச பிள்ளைக்கு அது காத்தாடியா காலேஜ் பட்டமான்னு தெரிஞ்சாத்தானே வாசிப்பு?

ஏணிப்படி44:
அது சக மாணவர் குழுவில் வரும் சார். அட்டையைப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

பலப்பம்:
ஒரே செட் அட்டையில் எத்தனை சக மாணவர் படிப்பார்கள் என்று மேலே சொல்லிவிட்டேன். திரும்ப வேண்டுமா?

அகரமுதல:
இத்தனை பக்கம் எழுதியும் 'ட'வுக்கு ஒரு படம் சொல்ல முடியவில்லை. அதோடு கலைக்கழக உறுப்பினர் போல் இலக்கணம் சொன்னீர்களே, "பாட்டுப் பாடினான்" என்று எழுதுவீர்களா, "பாட்டு பாடினான்" என்று எழுதுவீர்களா? அதுவும் உங்கள் இரண்டாம் வேற்றுமைத் தொகைதான்.

பலப்பம்:
'ட'வுக்குப் படம் எதற்கு? பட்டத்தைப் போடுங்கள், நடுவில் இரண்டு தடவை வருகிறது. பாட்டுக்குத் தனித் திரி திறங்கள், அங்கே வருகிறேன்.

மரத்தடி:
ஊமத்தை இலைச் சாறு பழைய சிமெண்ட் பலகையில பிடிக்கும், இப்போ வர்ற பெயிண்ட் மேல பிடிக்குமா? தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

அகரமுதல:
நடுவில் வருகிறதாம். முதலில் வராது என்றுதானே நான் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.