பிக்அப் உள்ள கிட்டாரா, இல்லாததா? மலையில் வாசிப்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

குன்னூரிலிருந்து:
கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு முதல் அகூஸ்டிக் கிட்டார் வாங்கவிருக்கிறோம். பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) இல்லாத யமஹா எஃப்310, பிக்அப் பொருத்தி வரும் எஃப்எக்ஸ்310ஏ ஆகிய இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறோம். பெரும்பாலும் வீட்டில்தான் வாசிப்பாள் என்றாலும், ஆலயப் பாடகர் குழுவில் சேரும் ஆசையும் அவளுக்கு உண்டு. கூடுதல் பணம் கொடுப்பது தகுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

உதகையிலிருந்து:
பல ஆண்டுகளாக ஆராதனையில் கிட்டார் வாசித்து வருகிறேன். என்னுடையது பிக்அப் பொருத்தியே வந்த கிட்டார். அதற்கு முன்பு ஒலித்துளைக்கு எதிரே ஒரு மைக்கை நிறுத்தி வாசித்தோம். பாடகர் குழு பெரிதானதும் அந்த மைக் பக்கத்தில் நிற்பவர்களின் குரலையும் சேர்த்து இழுத்தது, நான் அரை அடி நகர்ந்தால் கிட்டார் சத்தம் காணாமல் போனது, சத்தத்தைக் கூட்டினாலோ ஸ்பீக்கர் ஊளையிடத் தொடங்கியது. கேபிளை நேராக, மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரில் செருகிய நாளோடு அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. கம்பிகள் உட்காரும் சேடிலுக்கு அடியில் இருக்கும் பீசோ பட்டை, கம்பிகளின் அழுத்தத்தையே மின்குறிப்பாக மாற்றுவதால், சுற்றியிருக்கும் குரல்கள் அதை அவ்வளவாக எட்டுவதில்லை. மரப்பெட்டிக்குள் காற்று அதிர்ந்து எழும் நிறைவான ஒலியையும் அது எடுப்பதில்லை என்பதுதான் இதன் குறை. வேகமாக ஸ்ட்ரம் செய்தால் தகரக் கூரையில் மழை விழுவது போன்ற ஒரு வறட்டு ஒலி வரும். பிக்அப்பின் குறிப்பை வலுப்படுத்தும் ப்ரீஆம்பில், நடுத்தர ஸ்வரங்களுக்கான 'மிட்' திருகைச் சற்றுக் குறைத்தால் அது ஓரளவு தணியும். ஸ்பீக்கருக்கு எதிரே நிற்பவர்கள், ஊளையைத் தடுக்க ஒலித்துளைக்கு ஒரு ரப்பர் மூடி வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

நம் ஊர்ப் பருவநிலையையும் கணக்கில் கொள்ளுங்கள். உதகையின் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மாதங்களில், மரம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது. சேடிலைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை லேசாக எழும்பி, கம்பிகளும் உயர்ந்துவிடுகின்றன. அப்படி ஒரு மழைக்காலத்தில் என் கிட்டாரின் இரண்டாம் கம்பி மட்டும் ஸ்பீக்கரில் மங்கிவிட்டது. கையில் வைத்து வாசித்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கோயம்புத்தூரில் பழுது பார்ப்பவர் சேடிலைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தின் அடி சமமாக இல்லாததால் பட்டை ஓரிடத்தில் தொடாமல் நிற்பதைக் காட்டினார். அதைச் சமன்செய்ததும் சரியாகிவிட்டது. பேட்டரிப் பெட்டியின் தகடுகளிலும் பச்சை படியும், அவ்வப்போது துடைக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் கேபிள் செருகியிருக்கும் வரை ப்ரீஆம்ப் இயங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், ஆராதனை முடிந்ததும் கேபிளை உருவிவிடுவது 9 வோல்ட் பேட்டரியைக் காப்பாற்றும். இத்தனை கவனிப்பும் எனக்குப் பாரமாகத் தோன்றவில்லை, ஏனென்றால் வாரந்தோறும் அந்தக் கேபிள் எனக்குத் தேவைப்படுகிறது.

கோத்தகிரியிலிருந்து:
உதகை அண்ணன் சொன்னவை எல்லாம் உண்மை. ஆனாலும் நான் வேறு பக்கம் நிற்கிறேன். நான் வாசிப்பது வீட்டுத் திண்ணையிலும், டிசம்பர் இரவுகளில் வீடு வீடாகச் செல்லும் கரோல் குழுவிலும்தான். குளிரில் விரல்கள் விறைத்து, பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது, கிட்டாரின் மரம் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்பது மட்டுமே உதவும். ஆகவே பிக்அப்புக்கான பணத்தை மரத்தில் போட்டு, மேல்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு ஸ்ப்ரூஸ் மரமாக உள்ள எஃப்ஜி800 வாங்கினேன். பிறகு ஒரு திருமண வரவேற்பில் வாசிக்க வேண்டி வந்தபோது, ஒலித்துளையின் விளிம்பில் திருகி மாட்டும் காந்தப் பிக்அப் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்திக்கொண்டேன்; அதற்கு மரத்தில் துளை எதுவும் போட வேண்டியதில்லை. அது எஃகுக் கம்பிக்கு மட்டுமே வேலை செய்யும், நைலான் கம்பிக்கு உதவாது. பக்கப்பலகையை வெட்டிப் பதித்த ப்ரீஆம்ப் கெட்டுப்போனால் அதே அளவுள்ள இன்னொன்றைத் தேட வேண்டும் என்பதும், அதற்காகக் கீழே மேட்டுப்பாளையம் தாண்டிப் போய்வர வேண்டும் என்பதும் எனக்கு ஒத்துவரவில்லை.

உதகையிலிருந்து:
தம்பி சொல்வது வீட்டில் வாசிப்பவருக்குப் பொருந்தும். குன்னூர் அன்பர் முதலில் பாடகர் குழுவை நடத்துபவரிடம், கிட்டாருக்கு மிக்சரில் ஓர் இடம் ஒதுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால், மகளும் உறுதியாகச் சேர்வாள் என்றால், பிக்அப் உள்ளதையே வாங்கலாம். இல்லையென்றால் தம்பியின் வழியே சிறந்தது. எதை வாங்கினாலும் கடையில் முதலில் கேபிள் இல்லாமல் வாசித்துப் பாருங்கள், அந்த ஒலி பிடிக்காவிட்டால் அதை விட்டுவிடுங்கள். பிறகு ஆம்பில் செருகி, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக ஒரே வலுவில் மீட்டுங்கள். ஏதேனும் ஒரு கம்பி தாழ்ந்து ஒலித்தால், அதே மாடலில் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.